பறந்து போனதாகச் சொன்ன பறவைகள்

வானவடி, புனே
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்புள்ள அம்மிணி அகல்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், எனக்கும் அதுதான் பழக்கம். ஆனால் என் நலம் எப்படி என்று எனக்குத் தெரிவதற்கு நாலு மாதம் முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் அதை நான் உனக்கு எழுதுவது வேடிக்கையாக இருக்கும். உங்கப்பா நலம். காலையில் இரண்டு இட்லி குறைத்துச் சாப்பிடுகிறார், அது நான் அவரோடு சரியாகப் பேசாததால், வியாதி எதுவும் இல்லை. இங்கே பத்து நாளாக விடாத மழை, துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாசனை. நீ இன்னமும் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாய் என்று மாப்பிள்ளை ஹர்ஷா போன வாரம் போனில் கேலி செய்தார், நீயும் சிரித்தாய், நான் சிரிக்கவில்லை, நீ கவனித்தாயோ என்னவோ. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நலமா என்று மட்டும் கேட்கமாட்டேன். ஏன் கேட்கமாட்டேன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் நீ அம்மா ஒரு நிமிஷம் கேளுங்க என்று நடுவில் புகுந்துவிடுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், உடனே போன் உங்கப்பா கைக்குப் போய்விடும், அப்புறம் நீங்கள் இருவரும் என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசிக்கொள்வீர்கள். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால் மீட்டிங்கில் இருந்தபடி பாதி படித்துவிட்டு ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு விடுவாய். எனக்கு இப்போது உன் இதயம் வேண்டாம், நீ உட்கார்ந்து படித்தால் போதும். பள்ளிக்கூடத்தில் இந்தியும் சமஸ்கிருதமும் படித்தவள் நீ, ஞாயிற்றுக்கிழமைகளில் அழ அழ உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுத்ததுதான் உன் தமிழ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும், இதை நீ மெதுவாகத்தான் படிக்க வேண்டும். கன்னடக்காரரான மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் ஒரு வசதி, இது நமக்குள் இருக்கட்டும்.

அம்மிணி, நான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டேன். என் பதினொரு பறவைகளும் பறந்து போகவில்லை. உங்கப்பா அவற்றை அட்டைப் பெட்டிகளில் வைத்து கடக்வாஸ்லாவில் தன்னோடு ஆபீஸில் இருந்த ஜெயந்த் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார், அப்படிச் செய்யச் சொன்னது நீ. இப்போது நீ எழுந்து உங்கப்பாவுக்குப் போன் போடப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். போடாதே, உட்கார்ந்து மீதியையும் படி.

அந்தப் பறவைகள் எனக்கு யார் என்று உனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்குக் கல்யாணமாகி நீ கனடாவில் கால்கரிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று உங்கப்பாதான் கேம்ப் மார்க்கெட்டிலிருந்து ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தார். கடைக்காரர் பட்ஜி என்று திருத்தினாராம், நமக்கு என்றைக்கும் லவ் பேர்ட்ஸ்தான். நீலம் ஆண், மஞ்சள் பெண். மறுபடியும் வீட்டில் பறவையா என்று நான் முதலில் முகம் கொடுக்கவே இல்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். பக்கத்தில் ஓட்டை போட்ட மண்பானை ஒன்றைக் கூண்டுக்குள் கட்டி அடியில் மரத்தூள் போட்டதும் மஞ்சளின் மூக்கு பழுப்பாகத் தடித்தது, முட்டையிடத் தயார் என்று அர்த்தம். முதல் அடையில் நாலு குஞ்சு பிழைத்தது. அதற்குள் நான் கடல்நுரை ஓடு என்ன, முளைகட்டிய தினை என்ன, மொபைல் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்து உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது என்ன என்று எல்லாவற்றிலும் இறங்கிவிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு ரிட்டயர் ஆனவளுக்கு முட்டைக்குப் பென்சிலால் நம்பர் போட்டு நோட்டில் தேதி எழுதி வைப்பது எத்தனை சந்தோஷம் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இரண்டாம் அடையில் ஐந்து முட்டை. ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டதால் குஞ்சுகளும் அப்படித்தான் பொரிந்தன, ஐந்தாவது வெளியே வரும்போது முதலாவது அதைவிட ஏழெட்டு மடங்கு பெரிசு. மற்ற நாலும் அதை மிதித்துக்கொண்டு நின்றன, தாயும் அதற்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டது. நான் எடுத்தேன். ஒரு சின்ன அட்டைப் பெட்டி, பழைய காட்டன் புடவைக் கிழிசல், பக்கத்தில் ஒரு பல்பு, குஞ்சுக்கென்று விற்கிற மாவை வெந்நீரில் கரைத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து சிரிஞ்சால் ஊட்டினேன். கழுத்தடியில் இரைப்பை ஒரு பட்டாணி அளவுக்குப் புடைக்கும், அது வற்றியதும் அடுத்த வேளை. உனக்கு வீடியோவில் காட்டியபோது அய்யே, தோலுரிச்ச கோழியாட்டம் இருக்குதுங்கம்மா என்றாய். பத்தாம் நாள் கண் திறந்து முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை, ஊட்டும்போதெல்லாம் வாயில் சாப்ட்டியா அம்மிணி என்றுதான் வந்தது, உன்னிடம் இருபத்தேழு வருஷம் கேட்ட வாய் அல்லவா. அப்புறம் பச்சை இறகு முளைத்து, மூக்கு நீலமாகி அது ஆண் என்று தெரிந்தது, ஆனாலும் அம்மிணி அம்மிணிதான். என் பேரைப் போய் ஒரு குருவிக்கு வெச்சுட்டீங்களே என்று நீ கோபித்துக்கொண்டாய். ஆறு மாதத்தில் அதுவே சாப்ட்டியா அம்மிணி என்று என்னைக் கேட்க ஆரம்பித்தது. இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்கிற வாய் அது ஒன்றுதான் இருந்தது.

இனி நடந்தது. போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் குளிர்காலம் முடிந்தும் விடவில்லை, மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது, மார்ச் மாதம் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை வாங்கப் போனவர் உங்கப்பா. வந்து சும்மா அலர்ஜிதான் மங்கை, வயசானா வர்றதுதான் என்றார். நானும் நம்பி இஞ்சியும் அதிமதுரமும் போட்டுக் கஷாயம் குடித்தேன். ஏப்ரலில் உன் சித்தி அகிலாவின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கோயமுத்தூர் போனேன், நீதான் பத்து நாள் இருந்துட்டு வாங்கம்மா, அப்பா பறவைகளைப் பாத்துக்குவாங்க என்று விழுந்து விழுந்து சொன்னாய், டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தாய். என் மகளுக்கு என் மேல் எத்தனை கரிசனம் என்று சித்தியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். மஞ்சள் அப்போது மூன்றாம் அடையில் ஆறு முட்டை மேல் உட்கார்ந்திருந்தது, பதினெட்டு நாள் எண்ணி நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

திரும்பி வந்தால் பால்கனியில் வெறும் கூண்டு. உங்கப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார், பால்கனிக்குள் புறா வராமல் கட்டிய வலையைச் சரி செய்ய வந்த அந்தோணி ஒரு மூலையைக் கழற்றிவிட்டு மறந்து போய்விட்டாராம், இவர் கவனிக்காமல் கூண்டைக் கழுவத் திறந்தாராம், எல்லாம் பறந்து போச்சாம். முட்டை எங்கே என்று கேட்டேன். தாய் போன பிறகு ஆறிப்போய்விட்டது, தூக்கி எறிந்துவிட்டேன் என்றார். பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். வலையைப் போய்ப் பார்த்தேன், கத்தரியால் நறுக்கிய மாதிரி சுத்தமாக வெட்டியிருந்தது, அவிழ்ந்த முடிச்சு மாதிரியே இல்லை. கணக்கு டீச்சருக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நாற்பது வருஷம் கூட இருந்தவர் சொன்னால் யார் கத்தரியைப் பற்றி யோசிப்பார்கள். அன்றைக்கே உன்னிடம் வீடியோவில் அழுதேன், நீயும் அழுதாய், அதுங்க எங்கியோ சந்தோசமா பறந்துட்டு இருக்கும்மா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய். அந்த அழுகையை நான் இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அம்மிணி. அது நிஜமா, இல்லை அதுவும் உங்கப்பாவோடு பேசி வைத்துக்கொண்டதா?

அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னை என்ன பாடு படுத்தினீர்கள் என்று தெரியுமா. கூண்டில் பிறந்த பறவைக்கு வெளியே இரை தேடத் தெரியாது, காக்காயோ பருந்தோ கொத்திவிடும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னல் விளிம்பில் தினை கொட்டி வைத்தேன், புறாக்கள் வந்து தின்றுவிட்டுப் போயின. லிஃப்டில் போட்டோ ஒட்டினேன். தினமும் சாயங்காலம் உங்கப்பா என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு ராணுவக் குடியிருப்பு ஓரமாக இருக்கிற மரங்கள் வரைக்கும் கூட்டிப் போவார். மரத்துக்கு மரம் வண்டியை நிறுத்துவார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அம்மிணி அம்மிணி என்று கூப்பிடுவேன், காவலுக்கு நிற்கிற சிப்பாய்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், பக்கத்தில் அவரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்ப்பார். அங்கே ஒண்ணும் இல்லை என்று தெரிந்துகொண்டே பார்த்தார். அந்த மரத்தடிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது.

அந்தோணியை நான் திட்டிய திட்டைச் சொன்னால் உனக்கு வெட்கமாக இருக்கும். தூத்துக்குடிக்காரர், அவரிடம் தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம் என்று சொசைட்டியில் எல்லாருக்கும் சிபாரிசு செய்ததே நான்தான். அக்கா, அந்த வாரம் நான் உங்க வீட்டுக்கு வரவே இல்லையே, சாரைக் கேட்டுப் பாருங்க என்று அவர் போனில் கெஞ்சினார். சாரைக் கேட்டேன். சார் தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அந்த ஆட்டத்தை நான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டேன். இவரை நம்பி யாரும் வலை கட்டாதீர்கள் என்று சொசைட்டி குரூப்பில் போட்டேன். மூன்று வீட்டில் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். உன் திட்டத்தில் எல்லோர் வாயையும் கட்டினாய், ஒரு வாயை மறந்துவிட்டாய். போன மாதம் இருபத்தாறாம் தேதி மத்தியானம் கடக்வாஸ்லாவிலிருந்து ஸ்நேஹா கூப்பிட்டாள், ஜெயந்தின் மனைவி, உன் கல்யாணத்துக்குக்கூட வந்தாளே. அக்கா, எத்தனை நாளாக உங்களுக்குத் தாங்க்ஸ் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், பறவைகள் எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கின்றன, மஞ்சள் மறுபடி முட்டை வைத்திருக்கிறது என்று இந்தியில் அடுக்கிக்கொண்டே போனாள். பாவம், ஜெயந்த் அவளிடம் நான் மனசாரக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் அவள், உங்க பச்சைக் குட்டி நாள் முழுக்க ஏதோ மதராஸி பேசுகிறது, அர்த்தம் என்ன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், ஏக் மினிட் என்று போனைக் கூண்டுப் பக்கம் பிடித்தாள். மழைச் சத்தம், மற்ற பறவைகளின் கிறீச்சு, அதற்கு நடுவில் என் குரலிலேயே சாப்ட்டியா அம்மிணி, சாப்ட்டியா அம்மிணி. ஸ்நேஹாவுக்கு நான் அர்த்தம் சொன்னேன். சாப்பிட்டாயா மகளே என்று கேட்கிறது என்றேன். அவள் அச்சா, கித்னா பியாரா, எத்தனை அழகு என்று சிரித்தாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் கேட்டதும் உங்கப்பா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். பறவை இறகிலிருந்து உதிரும் தூள் என் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பறவைகளோடு இருந்தால் இன்னும் கெடும் என்று அதில் இருக்கிறது. அடுத்து தன் போனைக் கொடுத்து நீயே படிச்சுக்கோ என்றார். ஆங்கில எழுத்தில் நீ அடித்த தமிழைப் படித்தேன். அம்மாகிட்ட கேட்டா குடுக்க மாட்டாங்கப்பா. பறந்து போச்சுன்னு சொல்லிடுங்க, நம்பிடுவாங்க. பத்து நாள் அழுவாங்க, அப்புறம் சரியாயிடும். இதில் எந்த வரி எனக்கு அதிகம் வலித்தது தெரியுமா, அந்தப் பத்து நாள்தான். என் துக்கத்துக்கு நீ நாள் குறித்திருக்கிறாய், நான் முட்டைக்குத் தேதி குறித்த மாதிரி. எழுபது நாளானாலும் அழுகிறவள் நான், உனக்கு என்னைத் தெரியவில்லையே.

திங்கட்கிழமை ஆட்டோ பிடித்து நான் தனியாகவே, ஸ்கேன் எடுக்கச் சொன்ன அந்த லங்க்ஸ் டாக்டரம்மாவிடம் போனேன். ரிப்போர்ட் உங்கள் பெயரில் உங்கள் வீட்டுக்குத்தானே கொடுத்தேன், நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று அவருக்கே ஆச்சரியம். பொறுமையாகப் படம் போட்டுச் சொன்னார். கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கிறது, அது அப்படியே இருக்கும், ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், பறவையிடமிருந்து தள்ளி இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக இருமல் குறைந்தது எனக்கே தெரிந்துதான் இருந்தது, எல்லாம் கஷாயத்தின் மகிமை என்று நான் சொன்னபோதெல்லாம் உங்கப்பாவும் கஷாயத்தைப் புகழ்ந்து இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். நீங்கள் என் உயிரைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை, நான் முட்டாள் இல்லை. அதுதான் இன்னும் கோபம். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இதை என்ன செய்வது?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? சத்தியமாகத் தெரியாது. நாலு நாள் சண்டை போட்டிருப்பேன், மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், கூண்டைக் கீழ் வீட்டு ப்ரீதியின் பால்கனியில் வைக்கிறேன் என்று ஆயிரம் வழி சொல்லியிருப்பேன். கடைசியில் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆறு முட்டையும் பொரியட்டும் என்று காத்திருந்திருப்பேன். இப்போது என்ன ஆச்சு, பானையோடு ஆட்டோவில் குலுங்கிப் போனதில் மஞ்சள் பயந்துபோய் அடைக்குத் திரும்பவே இல்லையாம், ஆறும் வீண், அப்புறம்தான் உங்கப்பா பானையைத் திரும்பக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்தாராம். நான் இருந்திருந்தால் என் கையால் ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்து, எதற்கு எது பிடிக்கும், எது எதைக் கொத்தும் என்று ஸ்நேஹாவிடம் சொல்லி அனுப்பியிருப்பேன். அழுதுகொண்டேதான் செய்திருப்பேன், ஆனால் நான் செய்திருப்பேன். என் உடம்பு, என் பறவை, என் அழுகை. மூன்றிலும் என்னைக் கேட்காமல் நீங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள். அறுபத்திரண்டு வயதில் நான் சிரிஞ்சால் ஊட்டுகிற குஞ்சாகிவிட்டேனா?

அதனால்தான் நலமா என்று கேட்கவில்லை. நீ நலம் என்று சொல்வாய், நான் எப்படி நம்புவது? போன வாரம் உன் முகம் கொஞ்சம் வாடியிருந்தது, தூக்கம் சரியில்லம்மா என்றாய். முன்னெல்லாம் அப்படியா என்று விட்டுவிடுவேன், இப்போது நாள் முழுக்க அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். அத்தனை தூரத்தில் இருப்பவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது வெறும் பேச்சு ஒன்றுதான், அதிலும் ஓட்டை விழுந்தால் எனக்கு நீ எங்கே இருக்கிறாய்?

போன ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், குரூப்பிலும் தப்பு என்னுடையது என்று எழுதிப் போட்டேன். பரவாயில்லைக்கா, நான் அன்னைக்கே வரலைன்னு சொன்னேனே என்று மட்டும் சொன்னார், டீ கொடுத்தார். அப்படியே உங்கப்பாவைக் கடக்வாஸ்லாவுக்கு வண்டியை விடச் சொன்னேன். அணைப் பக்கம் ஒரே கூட்டம், மழையில் நனைந்துகொண்டு சோளக்கதிர் தின்கிறார்கள், நான் மாஸ்க்கோடு ஜெயந்த் வீட்டு முற்றத்தில் பத்தடி தள்ளி நின்றேன், டாக்டரம்மா அதற்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். பெரிய கூண்டு, நல்ல காற்று, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மிணி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. மாஸ்க் போட்ட முகம் தெரிந்ததோ இல்லையோ, சாப்ட்டியா அம்மிணி என்று கேட்டுவிட்டு உடனே ஜேவ்லாஸ் கா என்றது. ஸ்நேஹா மராத்தியிலும் சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சாப்ட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயே இருக்கட்டும்.

வரும் வழியில் உங்கப்பாவிடம், இந்தப் பறந்து போச்சு என்கிற பொய்யை நீங்கள் யோசித்தீர்களா அவளா என்று கேட்டேன். அவள்தான், எனக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் தோணுமா என்றார். அது எனக்குச் சுருக்கென்றது அம்மிணி. ஏனென்றால் அந்தப் பொய் உன்னுடையது இல்லை, என்னுடையது. இதுவரை எழுதியதைவிட இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம், மூன்று நாளாக இந்த இடத்தில் வந்து பேனாவை மூடி மூடி வைக்கிறேன்.

நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது காட்கி குவார்ட்டர்ஸில் உன் மிட்டு இருந்ததே, பச்சை லவ் பேர்ட், உன் பிறந்தநாளுக்கு வாங்கியது. அது பறந்து போகவில்லை. அன்று நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், நான் புதிதாக வாங்கிய நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு ஊரிலிருந்து வந்த போனை எடுக்கப் போனேன், பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் கல் காய்ந்து சமையலறை முழுக்க ஒரு நெடி, ஜன்னலோரக் கூண்டில் மிட்டு அடியில் விழுந்து கிடந்தது. அந்தக் கல் அதிகம் காய்ந்தால் வரும் புகை இந்தப் பறவைகளுக்கு ஆகாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ஆனால் நான் வைத்த கல்லால்தான் செத்தது என்று அன்றே தெரியும். கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். நீ மூன்று மணிக்கு வந்து நின்றாய். உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பறந்து போச்சு கண்ணு என்றேன். நீ ஒரு நிமிஷம் கூண்டையே பார்த்துவிட்டு, காலையில நாந்தானேம்மா தினை போட்டேன், கொக்கி போடாம போயிட்டனா என்று கேட்டாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்புறம் எப்படித் திறந்தது என்று நீ கேட்பாய். பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருந்ததற்கு நீ இருபத்தோரு வருஷமாகக் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாய், நான் இங்கே கேலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செய்யாத தப்புக்குப் பழி சுமந்த அந்தோணியைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது எனக்கு அவர் முகம் தெரியவில்லை, யூனிஃபார்மில் நின்ற உன் முகம்தான் தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டதால் உன் தப்பு கழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நீ செய்தது எனக்கு வலிக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் வலிக்கும், பத்து நாளுக்குள் அடங்காது. ஆனால் என்னிடம் உண்மையைச் சொல் என்று உன்னைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. இந்த வீட்டில் யாருக்கு வலிக்குமோ அவரிடம் மட்டும் சொல்லாமல் மறைப்பது என்பதை ஆரம்பித்து வைத்தவள் நான். என்னோடு அது நிற்கட்டும். உன் தூக்கம் ஏன் சரியில்லை என்று எழுது, என்னவாக இருந்தாலும் எழுது. போனில் வேண்டாம், உன் கையால், தமிழில், தப்பும் தவறுமாக இருந்தாலும் போதும், சிவப்புப் பேனாவால் திருத்த மாட்டேன். அது வந்த பிறகு நான் உன்னிடம் கேட்பேன், நலமா என்று.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்க எதுவும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். நான்ஸ்டிக் கல்லை வெறுமே காய விடாதே, குளிர் காலம் வருமுன் கம்பளிச் சாக்ஸ் வாங்கிக்கொள், கடலை உருண்டை தனியாக அனுப்புகிறேன். இன்னொன்று, மறந்துவிடாதே, இனிமேல் கதவை ஒரு தடவை பூட்டினால் போதும், இழுத்துப் பார்க்காதே. அன்றைக்கும் நீ கொக்கியைச் சரியாகத்தான் போட்டிருந்தாய் அம்மிணி.

உன் அம்மா,
மங்கையர்க்கரசி